மூன்றுக்கு ஒன்று!

ஊரில் பி.காம். படித்தவனுக்கு ஒரு தொல்லை உண்டு. இன்ஜினீயரிடம் போய் யாரும் "ஓசியில் ஒரு பாலம் கட்டிக் கொடு" என்று கேட்பதில்லை. டாக்டரிடம் கேட்டால் ஃபீஸ் வைக்க வேண்டும். ஆனால், பி.காம். என்றால் போதும்... பலசரக்குக் கடை பாக்கி முதல் சீட்டுத் தள்ளுபடி வரை ஊர்க் கணக்கு மொத்தமும் நம் தலையில்தான்!

கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிற அக்காவும் போன வாரம் என்னிடம் கணக்குத்தான் கேட்டார். மகளிர் குழுக் கடனாக இருக்கும் என்று நினைத்து, செல்போனில் கால்குலேட்டரைத் திறந்தேன்.

"அது இல்ல தம்பி. இதப் பாருங்க" என்று கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மடிப்பில் டீக்கறை. மகளை அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பப் பெற்றோர் தரவேண்டிய சம்மதக் கடிதம் அது. விளையாட்டு என்ற இடத்தில் 'கால்பந்து' என்று பி.டி. டீச்சர் எழுதியிருந்தார். கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் காலி.

"எந்நேரமும் பந்து பந்துனே கெடக்கா. அவுங்க அப்பா 'பொம்பளப் புள்ளைக்குப் பந்து எதுக்கு'ங்காரு. அவரு சொல்லும்போது எனக்குக் கோவம் வருது. ராத்திரி படுத்தா, அவரு சொல்றதும் நெசந்தானோனு பயமா இருக்கு. நீங்க கணக்குப் படிச்சவுக. பந்தை ஒதைச்சா என்ன கெடைக்கும்னு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்க. நாளன்னைக்குள்ள குடுக்கணும்."

நானும் எத்தனையோ கணக்குப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கணக்கை எந்தப் புரொஃபசரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனாலும் பாருங்கள்... இதற்கு விடை வேறெங்கோ இல்லை, எங்கள் விருதுநகர் மாவட்டத்திலேயே இருக்கிறது. அக்காவுக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு ரன் சோகம்

2019-ம் வருஷம் மே மாதம் 12-ம் தேதி ராத்திரி நீங்கள் எங்கே இருந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

நன்றாகவே இருக்கும். ஹைதராபாத்தில் ஐ.பி.எல். ஃபைனல். கடைசிப் பந்தில் சென்னைக்கு இரண்டு ரன் வேண்டும். மலிங்கா போட்டார், ஷர்துல் தாக்கூர் எல்.பி.டபிள்யூ. மும்பை ஒரே ஒரு ரன்னில் ஜெயித்தது. வாட்சனின் முழங்காலில் ரத்தம் கசிந்த போட்டோவை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைக்காத ஆம்பளை உண்டா தமிழ்நாட்டில்? நானும் வைத்தேன். மறுநாள் ஆபீஸில் துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

சரி, அதற்குச் சரியாகப் பத்து நாள் கழித்து, மே 22-ம் தேதி என்ன நடந்தது?

இப்போது முழிக்கிறீர்கள். தப்பில்லை. மறுநாள் 23-ம் தேதி வியாழக்கிழமை பாராளுமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை. கூடவே தமிழ்நாட்டில் 22 சட்டசபைத் தொகுதி இடைத்தேர்தல் முடிவு வேறு. அதில் எங்கள் மாவட்டத்து சாத்தூரும் ஒன்று. யாருக்கு எத்தனை சீட் என்று டீக்கடைக்கு டீக்கடை கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குத்தான் பஞ்சாபில் லூதியானா குருநானக் ஸ்டேடியத்தில், நம் மாவட்டத்து இன்ஜினீயரிங் காலேஜ் ஒன்றின் நிழலில் வளர்ந்த பெண்கள் கால்பந்து அணி, மணிப்பூர் போலீஸ் அணியை மூன்றுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் தோற்கடித்து இந்தியாவின் சாம்பியன் ஆனது!

இந்தியன் வுமன்ஸ் லீக். பெண்கள் கால்பந்தில் இந்த நாட்டிலுள்ள கிளப்புகளுக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. ஜெயித்த அணியின் பெயர் சேது எஃப்.சி.

ஒரு ரன்னில் தோற்றதற்கு ஒரு வாரம் சோறு இறங்காத நாம், இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்ததற்கு ஒரு டீகூடக் குடிக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, நம் ஞாபகசக்தி ரொம்ப நியாயமானது!

காரியாபட்டிக்கு வழி

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற ரோட்டில் இருக்கிறது காரியாபட்டி. பக்கத்திலே புல்லூர். அங்கேதான் 1995-ல் தொடங்கிய சேது இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. கரிசல் பூமி, கருவேல மரம், நடுவிலே கல்லூரிக் கட்டடம்.

பேப்பரில் 'மதுரை சேது எஃப்.சி.' என்றுதான் போடுவார்கள். கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையே மதுரையில் வாங்கிக்கொண்டு 'மதுரை பால்கோவா' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காரியாபட்டி இருப்பது விருதுநகர் மாவட்டத்தில். நாம் குறித்து வைத்துக்கொள்வோம்.

அந்தக் கல்லூரி நிர்வாகத்தைச் சேர்ந்த சீனி முகைதீன் 2016-ல் தொடங்கியதுதான் இந்த கிளப். தொடங்கிய நேரமும் தோதான நேரம். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் பெண்களுக்கென்று தேசிய லீக் ஒன்றை 2016-17 சீசனில்தான் ஆரம்பித்தது. முதல் பட்டம் மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனுக்கு. 2018-ல் ஷில்லாங்கில் நடந்த இரண்டாவது போட்டியில் மொத்தம் ஏழே அணிகள். அதில் முதல் தடவையாக சேதுவும் ஆடி, அரையிறுதி வரை போனது. பட்டம் ஒடிஷாவின் ரைசிங் ஸ்டூடன்ட் கிளப்புக்கு.

மூன்றாவது, லூதியானா. இந்தத் தடவை 12 அணிகள். ஆறு ஆறாக இரண்டு பிரிவு. பிரிவுக்குள் ஐந்து ஆட்டம், அப்புறம் அரையிறுதி, அப்புறம் ஃபைனல். ஆக, பட்டம் வேண்டுமானால் ஏழு ஆட்டம். மே 5-ல் ஆரம்பித்து மே 22-ல் முடிந்தது. பதினெட்டு நாளில் ஏழு ஆட்டம்!

இதை நம் பாஷையில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் டீமோடு ஒரு மணி நேரம் பந்து விளையாடிவிட்டு, புதன்கிழமை வரை மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்குகிறோம் இல்லையா? அந்தப் பெண்கள் தொண்ணூறு நிமிஷம் ஆடிவிட்டு, ஒரு நாளோ இரண்டு நாளோ இடைவெளியில் மறுபடியும் தொண்ணூறு நிமிஷம் ஆடவேண்டும். பஞ்சாபில் மே மாதம் என்றால் மழைக்காலம் இல்லை. நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொளுத்துகிற காலம்.

இந்த மாதிரிப் போட்டியில் ஜெயிப்பதற்குப் பதினோரு பேர் போதாது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பன்னிரண்டாவது ஆளும் பதினைந்தாவது ஆளும் முதல் பதினொன்றுக்குச் சமமாக இருக்கவேண்டும். காயம் பட்டவருக்கு ஐஸ் வைக்க ஒருவர், யாரை உட்கார வைப்பது, யாரை இறக்குவது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு முடிவெடுக்க ஒருவர் வேண்டும். அந்த முடிவுகளை எடுத்த பயிற்சியாளர், அம்ருதா அரவிந்த். அவரும் பெண்தான்.

உள்ளூர் டீமா, வந்த டீமா?

இந்த இடத்தில் என் நண்பர் ஒருவர் குறுக்கே வந்தார். பாங்க்கில் வேலை. எதிலும் ஓட்டை கண்டுபிடிப்பது அவர் தொழில்.

"ஏம்ப்பா, காலேஜ் டீம்னு சொல்றே. அதுலே மணிப்பூர்ப் பொண்ணு இருந்துது, நேபாளப் பொண்ணு இருந்துது. காசு குடுத்துக் கூட்டிட்டு வந்தா எவன்தான் ஜெயிக்க மாட்டான்?"

கேட்டது நியாயமான கேள்விதான். சேது அணியில் மணிப்பூரின் ரத்தன்பாலா தேவி இருந்தார். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி இருந்தார். நம்ம கடலூர் இந்துமதி கதிரேசன் இருந்தார்.

சபித்ராவைப் பற்றி ஒரு சுவாரஸ்யம். 2019 மார்ச் 22-ம் தேதி நேபாளத்தில் விராட்நகரில் தெற்காசியப் பெண்கள் கால்பந்து ஃபைனல். இந்தியாவும் நேபாளமும் மோதின. நேபாளத்தின் ஒரே கோலை அடித்தவர் சபித்ரா. ஆனாலும் இந்தியா மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்துவிட்டது. இந்துமதி அந்த இந்திய அணிக்காரர். சரியாக இரண்டு மாசம் கழித்து, மே 22-ல், அதே சபித்ராவும் அதே இந்துமதியும் சேது என்று போட்ட ஒரே சட்டையில், மறுபடியும் மூன்றுக்கு ஒன்று! மார்ச்சில் எதிரி, மே மாதத்தில் ரூம்மேட். கால்பந்தில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்றில்லை, நம் அரசியலிலும் நடக்கும். ஆனால், அங்கே கோல் விழாது.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "கிருஷ்ணன்கோவிலுக்கு வந்து பார். சாயங்காலம் நாலரை மணிக்கு கலசலிங்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றால் பாதிக்குமேல் தெலுங்குதான் காதில் விழும். குண்டூரிலிருந்தும் கர்னூலிலிருந்தும் வந்து படிக்கிற பையன்களை 'இது எங்க ஊர் காலேஜ் இல்லை' என்று யாராவது சொல்கிறோமா? நம்ம ஊர்த் தண்ணியைக் குடிச்சு, நம்ம ஊர் மெஸ்ஸைத் திட்டினாலே நம்ம ஊர் ஆள்தானே!"

அதோடு இன்னொன்று. வெளியிலிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் வந்தால் நஷ்டம் உள்ளூர்ப் பெண்ணுக்கு என்று நினைக்கிறோம். நிஜம் வேறு. தினமும் பயிற்சியில் சபித்ராவைத் தடுத்துப் பழகிய பெண்ணுக்கு, மேட்ச் நாளில் வேறு யாரைத் தடுப்பதும் பாதி வேலைதான். கடலூர் அரசுக் காப்பகத்தில் வளர்ந்து, பின்னால் இந்தியாவுக்கே ஆடிய சந்தியா ரங்கநாதன், சேது அணியில் பல சீசன் ஆடியவர்தான். கெட்டிக்காரப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை எழுதியவர்களுக்கு இந்தத் தத்துவம் நன்றாகப் புரியும்.

வரவு

சரி, அக்கா கேட்ட கணக்குக்கு வருவோம். பந்தை உதைத்தால் என்ன கிடைக்கும்?

ஃபைனலில் எதிரணி யார் என்று சொன்னேன்? மணிப்பூர் போலீஸ். பெயரிலேயே பதில் இருக்கிறது. அந்த மாநிலத்தில் நன்றாகக் கால்பந்து ஆடுகிற பெண்ணுக்குப் போலீஸ் வேலை என்பது பல வருஷமாக இருக்கிற வழக்கம். இந்தியப் பெண்கள் கால்பந்தின் மிகப் பெரிய பெயரான பெம்பெம் தேவி, மணிப்பூர் போலீஸ்காரர்தான். 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

லூதியானாவில் ஆடியவற்றில் எஸ்.எஸ்.பி. என்று எல்லைக் காவல் படையின் பெண்கள் அணியும் ஒன்று. அதுவும் யூனிஃபார்ம் உத்தியோகம்தான்.

நம் இந்துமதி? தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர்! 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, பந்தை ஓரமாக வைத்துவிட்டு சென்னையில் ரோட்டில் நின்று டியூட்டி பார்த்தார். "மெடிக்கல் ஷாப் போறேன் மேடம்" என்று பழைய மாத்திரை அட்டையைக் காட்டி பைக்கில் சுற்றிய இளைஞர்களே... உங்களை மடக்கிய மேடம் இந்தியாவுக்கு ஆடிய மிட்ஃபீல்டராக இருந்திருக்கலாம். தப்பித்து ஓடாமல் நின்றீர்களே, அது புத்திசாலித்தனம். ஓடியிருந்தாலும் தோற்றிருப்பீர்கள்!

தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தேசியப் போட்டியில் வாங்கிய சர்டிஃபிகேட் அங்கே பேசும். அந்த சர்டிஃபிகேட்டும் நம் பெண்களுக்கு எட்டாத கனியில்லை. 2018-ல் தேசிய சீனியர் பெண்கள் சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாடு முதல் தடவையாகப் பட்டம் வாங்கியது. தோற்கடித்தது யாரை? பட்டங்களை வருஷா வருஷம் அள்ளிக்கொண்டிருந்த மணிப்பூரை. இரண்டுக்கு ஒன்று. அந்த அணியிலும் இந்துமதி உண்டு. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே இரண்டுக்கு ஒன்று கணக்கில் ஜெயித்து மறுபடியும் கோப்பை.

ஆம்பளைகள் கொஞ்சம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ஆண்களுக்கான தேசியப் போட்டியான சந்தோஷ் டிராபி 1941-ல் ஆரம்பித்தது. அதைத் தமிழ்நாடு இதுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. "பொம்பளப் புள்ளைக்குப் பந்து எதுக்கு" என்று கேட்கிறோமே, இந்த ஊரில் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

செலவு

வரவை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் பி.காம். இல்லை, சீட்டுக் கம்பெனி ஏஜென்ட். செலவையும் சொல்கிறேன்.

பட்டம் ஜெயிப்பது ஒரு நாள் வேலை. அணியை வைத்துக்கொள்வது தினசரி வேலை. காலையில் முட்டை, பால். மத்தியானம் வயிறாரச் சோறு. ஷூ தேயும். பந்து கிழியும். முட்டி பிசகும். லூதியானா போக ரயில் டிக்கெட், வர ரயில் டிக்கெட். ஆண்கள் மேட்ச் மாதிரி டிக்கெட் விற்று வருகிற பணம் பெரிதாக எதுவும் கிடையாது. செலவுக் காலம் நீளமாகவும், வரவுக் காலம் காலியாகவும் இருக்கும். ஆடிட்டர் பார்த்தால் "கடையை மூடுங்கள்" என்பார்.

மூடியவர்களும் உண்டு. அதே 2019 மார்ச் 9-ல், கோயம்புத்தூரில் வைத்து மினர்வா பஞ்சாபை சென்னை சிட்டி எஃப்.சி. தோற்கடித்து, ஆண்கள் ஐ-லீக் சாம்பியன் ஆனது. கோல் கணக்கு? நம்பமாட்டீர்கள்... அதுவும் மூன்றுக்கு ஒன்று! எவ்வளவு சந்தோஷப்பட்டோம். 2021-க்கு அப்புறம் ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. கோப்பை இருந்தால் மட்டும் கிளப் பிழைத்துவிடாது.

காலேஜ் மாதிரி ஒரு இடத்தின் பலம் இங்கேதான் தெரிகிறது. எந்த இன்ஜினீயரிங் காலேஜையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டல் ஏற்கெனவே இருக்கிறது. ஆயிரம் பேருக்கு மெஸ்ஸில் உலை கொதிக்கிறது, கூட இருபத்தைந்து தட்டு வைப்பது பெரிய காரியமில்லை. பஸ் நிற்கிறது. மைதானம் கிடக்கிறது. புதிதாகத் தேவைப்படுவது ஒரு பயிற்சியாளர், சில பந்துகள், அப்புறம் நிர்வாகத்தில் ஒருவருக்குக் கொஞ்சம் கிறுக்கு. முதல் இரண்டும் கடையில் கிடைக்கும். மூன்றாவது எப்போதாவது ஒரு ஊருக்கு அமையும்.

உலகம் முழுக்க இது இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. முதல் உலகப்போர் சமயம் இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்ற ஊரில் டிக் கெர் என்று ஒரு ஃபேக்டரி. வெடிகுண்டு செய்கிற வேலையில் இருந்த பெண்கள், சாப்பாட்டு இடைவேளையில் பந்து உதைத்துப் பழகி 1917-ல் அணியாகவே கிளம்பிவிட்டார்கள். 1920 டிசம்பர் 26-ல் லிவர்பூலில் அவர்கள் ஆடிய மேட்ச்சுக்கு வந்த கூட்டம் 53,000! அடுத்த வருஷம் இங்கிலாந்து கால்பந்து சங்கம் என்ன செய்தது தெரியுமா? கைதட்டவில்லை. "பெண்களுக்கு இந்த விளையாட்டு ஏற்றதல்ல" என்று தன் கிளப்புகளின் மைதானங்களை அவர்களுக்குத் தரக்கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை விலகச் சுமார் ஐம்பது வருஷம் ஆனது. நம் டீக்கடை அண்ணாச்சி சொல்வதைத்தான் அன்றைக்கு லண்டன் துரைமார்களும் சொன்னார்கள். என்ன, அவர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னார்கள்.

சேதுவும் அப்புறம் வருஷா வருஷம் ஜெயித்துக்கொண்டே இருக்கவில்லை. சபித்ரா அடுத்த சீசனில் கோகுலம் கேரளாவுக்குப் போனார். கோப்பையும் அவர் பின்னாலேயே கோகுலத்துக்குப் போனது. 2022-ல் புவனேஸ்வரத்தில் ஒரு லீக். சேதுவும் கோகுலமும் ஆடிய பத்து ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு, மே 26-ல் கடைசி ஆட்டத்தில் நேருக்கு நேர் நின்றார்கள். ஜெயித்தால் சேதுவுக்குப் பட்டம். டிரா செய்தாலே கோகுலத்துக்குப் போதும். மூன்றாவது நிமிஷத்திலேயே ரேணு கோல் அடித்து சேது முந்தியது. அதற்கப்புறம் கோகுலம் மூன்று கோல் போட்டது. முடிவு... ஆமாம், அதேதான். மூன்றுக்கு ஒன்று. ஆனால், இந்தத் தடவை அந்த ஒன்று நம் பக்கம்.

பத்து ஆட்டம் ஜெயித்து ஒரே ஒரு ஆட்டத்தில் பட்டத்தை விடுவது எவ்வளவு வலி! இருந்தும் 2024-25 லீக்கில் வெறும் எட்டு அணிகள் ஆடியபோதும், சேது அதில் ஒன்றாக நின்றது. 2019 கோப்பையைவிட எனக்கு இதுதான் பெரிய சாதனையாகப் படுகிறது. கோப்பை ஒரு சீசனின் லாபம். ஒவ்வொரு வருஷமும் ஒரு பெண்ணிடம் "வா, தட்டு இருக்கு, பந்து இருக்கு" என்று சொல்ல முடிகிறதே, அதுதான் முதல். லாபம் வரும், போகும். முதல் போய்விட்டால் கடை இல்லை.

மீதி

இவ்வளவையும் அக்காவிடம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு டீ ஆறிவிட்டது. நடுநடுவே "அன்னா, ரெண்டு டீ" என்று தெலுங்குத் தம்பிகள் வேறு.

"அப்ப இவளுக்கும் போலீசு வேலை கெடைச்சிருமா தம்பி?" என்றார்.

பொய் சொல்ல மனசு வரவில்லை.

"தெரியாதுக்கா. விளையாடுற எல்லாருக்கும் கெடைக்காது. நூறு பேர் போனா கொஞ்சப் பேர்தான் அந்த உசரத்துக்குப் போவாங்க. கால்ல அடிபட்டா அதோட நின்னும் போகும். ஆனா, நஷ்டம் என்னன்னு பாருங்க. விடுதியில சாப்பாடு, தங்குறது அரசாங்கம் பாத்துக்கிரும். பள்ளிக்கூடம் நிக்காது. பத்தாவது, பன்னெண்டாவது எழுதத்தான் போறா. பந்து கைவிட்டாலும் படிப்பு கையில இருக்கும். பந்து ஆடுறது முப்பது வயசு வரைக்கும். அதுல ஒரு உத்தியோகம் அமைஞ்சா அறுபது வயசு வரைக்கும்."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "சாயங்காலம் கிளாஸ் கழுவ இவதான் தம்பி இருக்கா..." என்றார்.

அதுதான் நிஜமான செலவு. எந்த லெட்ஜரிலும் ஏறாத செலவு. தினம் இருநூறு கிளாஸ். அப்புறம், பதின்மூன்று வருஷமாகப் பக்கத்தில் படுத்த பிள்ளை இல்லாத ராத்திரி. இதற்கு நான் என்ன கணக்குப் போட்டுச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்.

"அந்தப் புள்ள... கடலூர்க்காரப் புள்ள... நெசமாவே எஸ்.ஐ.யா?"

திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சி. லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு எப்போது வந்தாரோ, எவ்வளவு கேட்டாரோ தெரியவில்லை.

"நெசந்தான் அண்ணாச்சி."

"எஸ்.ஐ.ன்னா... ரெண்டு ஸ்டாரு?"

"ரெண்டு ஸ்டாரேதான்."

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாளியில் கிடந்த கிளாஸ்களைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்கா என்னிடம் கையை நீட்டினார். "பேனாவைக் குடுங்க தம்பி."

கணக்குப் பார்த்ததற்கு ஃபீஸாக ஒரு ஸ்பெஷல் டீயும் இரண்டு பருப்பு வடையும் வந்தன. காசு கொடுத்தால் வாங்கவில்லை. கொண்டு வந்து வைத்தது அந்தப் பெண்தான். இத்தனை நேரமும் பாய்லருக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வேலை, ஸ்டாரு, சதவீதம் எதுவும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"மாமா, மணிப்பூர் போலீஸை அன்னைக்கு எத்தனைக்கு எத்தனைனு சொன்னீங்க?"

"மூணுக்கு ஒண்ணும்மா."

"அந்த ஒரு கோலை ஏன் விட்டாங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.